கமருன்னிசாவின் படகு தண்ணீரில்தான் இருக்கும்

காலை ஆறே முக்காலுக்குப் படகோட்டி மாரியப்பன் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், காயில் கடை அக்கா போயிட்டாங்க. வெடியகாலம் நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." நான் வாய் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "இன்னிக்குப் படகு எடுக்கட்டுங்களா, வேண்டாங்களா?"

அணையின் அக்கரையில் தக்காளிக் கூடைகளோடு ஆட்கள் நிற்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். எடுங்கள் என்றேன். முதல் நடையில் தக்காளி வந்தது. இரண்டாம் நடையில் அக்கரைப் பெண்கள் வந்து, பஸ் பிடித்து, பாலக்கோட்டில் கமருன்னிசாவின் வீட்டு வாசலில் இறங்கினார்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பாலக்கோடு கடைவீதியில் எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிப் புதிதாகக் காயில் கட்டும் கடை அவருடையது. கணவர் காலமானதும் கடையை விற்றுவிடச் சொன்ன உறவினர்களுக்கு அவர் அளித்த பதிலை இங்கே அச்சிட இயலாது.

எங்கள் கல்லூரி மாணவர்கள் சூரிய மின்சாரத்தில் ஓடும் ஒரு படகைக் கட்டினார்கள். நான் ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியை. அந்தக் குழுவுக்கு ஆலோசகர். படகு போட்டியில் பரிசு வாங்கியது. பிறகு அதை அணையின் நீர்த்தேக்கத்தில் மக்கள் கடக்க விட்டோம். அணையைச் சுற்றி நடந்தால் ஒன்றரை மணி நேரம். அதற்குள் சந்தையில் ஏலம் முடிந்துவிடும். படகில் கால் மணி நேரம்தான்.

நான்காம் மாதம் மோட்டார் புகைந்தது. கமருன்னிசா கரைக்கு வந்து, முகர்ந்து பார்த்து, "ஆகாயத்தாமரை விசிறியில சுத்திக்கிச்சு. ஓட முடியாம எரிஞ்சிடுச்சு" என்றார். சரி, கழற்றுங்கள் என்றோம். கழற்ற முடியவில்லை. மாணவர்கள் மோட்டாரை ஃபைபர் பிசினால் படகோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள்; பார்க்க வழவழப்பாக இருந்தது. உளியால் கொத்தி எடுக்க மாலையாகிவிட்டது.

"ஏம்ப்பா, இத்தனை படிச்சவங்க சேந்து செஞ்சீங்களே, கழட்டறதுக்கு வழி வெக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலியா?" என்று மாணவர்களைக் கேட்டார். பார்வை என்மேல் இருந்தது. "கழட்ட முடியாததுக்குப் பேரு மிசின் இல்லைங்க மேடம். செலை."

காயில் கட்டித் தந்ததோடு அவர் நிற்கவில்லை. நான்கு போல்ட்டில் மோட்டாரைத் தொங்கவிட்டு, ஓர் ஆள், ஒரே ஸ்பேனரில், பத்து நிமிடத்தில் கழற்றும்படி செய்தார். படகைத் தள்ளும் விசிறிக்கு முன்னால் செடியைத் தடுக்கும் கம்பி வளையம் வைத்தார். அதற்குப் பிறகு மோட்டார் எரியவில்லை.

அடுத்த கோடையில் படகு தளர்ந்தது. மாலை நடையில் பாதி நீரில் நின்றுவிடும். மாரியப்பன் துடுப்புப் போட வேண்டியிருந்தது. பேட்டரிகள் பழுது என்று நான் மூன்று பக்க அறிக்கை எழுதினேன். கமருன்னிசா அதைப் படிக்க மறுத்தார். சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு போய், ஒரு நாள் முழுதும் படகில் உட்கார்ந்திருந்தார். நண்பகலில் தொலைபேசி வந்தது.

"மேடம், உங்க கரண்டு மேல புளி காயுதுங்க."

வெயில் ஏறும் நேரத்தில் மின்னேற்றத்துக்காகப் படகை அக்கரையில் கட்டிவைப்பது வழக்கம். அங்கே கரை உயரம். படகின் கூரையான சூரிய மின்தகடுகள் கரை மட்டத்துக்குச் சமமாக நிற்கும். சூடான, சுத்தமான, மண் படாத இடம். கொட்டை நீக்கிய புளியைப் பெண்கள் அதில் பரப்பியிருந்தார்கள். வரிசையாக இணைத்த தகடுகளில் ஒன்றை மறைத்தாலும் மற்றவையும் மங்கும் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொன்னவள் நான். கரைக்குப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

எச்சரிக்கைப் பலகை வைப்போம் என்றேன்.

"போர்டை யாரு படிக்கறது? புளி தட்டற ஆத்தாவா? அவங்களுக்குக் காய வெக்க எடம் வேணும். அதைக் குடுங்க."

பழைய தகரத்துக்குக் கறுப்புச் சாயம் அடித்துக் கரையிலேயே ஒரு மேடை போட்டுக் கொடுத்தார். புளி முன்னிலும் விரைவாகக் காய்ந்தது. பதிலுக்கு ஒரு நிபந்தனை: புளி கொண்டுவருகிறவர் படகின் மின்தகட்டுக் கண்ணாடியை ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். தூசி போனதும் படகு புதிதாக இருந்ததைவிடக் கூடுதலாக ஓடியது. என் அறிக்கை எங்கே என்று நானும் அதற்குப்பின் தேடவில்லை.

இனிய பெண்மணி என்று அவரைப் பற்றி யாரும் எழுத வேண்டாம். சொன்ன நேரத்துக்கு அவர் வந்ததே இல்லை. புதிய மாணவர்கள் ஆண்டுதோறும் வந்து, வேறு படகு கட்டலாம் என்று படம் காட்டும்போது, "இதுல எதுனா ஒண்ண நல்லதாக்கிட்டு அப்புறமா வந்து பேசுங்க" என்று துரத்துவார். அழுதுகொண்டு போனவர்களும் உண்டு. அவர்களில் சிலர் திரும்பி வந்து வளையத்தைத் திருத்தினார்கள், மின்கம்பிகளை நீர் புகாதபடி மாற்றினார்கள். நானும் இனியவள் அல்ல. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

இப்போது அவர் நினைவாகப் படகைக் கரையேற்றி, கல்லூரி நுழைவாயிலில் பீடத்தின்மேல் நிறுத்தி, அவர் பெயரைப் பொறிக்கப்போவதாகக் கல்லூரி நிர்வாகத்தினர் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள். அக்கரைக்கு என்ன வழி என்று கேட்டேன். அடுத்த குழு புதிய படகு கட்டும் என்றார்கள். தீர்மானத்தில் அதற்குத் தேதி எதுவும் இல்லை. பீடத்தில் ஏற்றினால் அது என்னவாகும் என்பதற்கு அவர் கரையில் வைத்தே பெயர் சொல்லிவிட்டார். இரங்கல் கூட்டத்தில் நான் அதைத் திரும்பச் சொன்னேன்: செலை. சிலர் சிரித்தார்கள், கல்லூரி முதல்வர் சிரிக்கவில்லை. படகு தண்ணீரிலேயே இருக்கட்டும் என்று அக்கரைப் பெண்கள் கைநாட்டும் கையெழுத்துமாக எழுதித் தந்த மனுவை முதல்வரின் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பீடத்துக்குப் பள்ளம் தோண்டியாயிற்றாம். அதில் ஒரு வேப்பங்கன்று வைக்கலாம்.

கமருன்னிசாவின் மகள் எனக்கு ஒரு பொருளைத் தந்தாள்: எண்ணெய்த் துணியில் சுற்றிய பதினேழாம் எண் ஸ்பேனர். அந்த நான்கு போல்ட்டுக்கும் உரியது. என் கையில் அது கனக்கிறது; கடந்த சனிக்கிழமை மாரியப்பன் படகைப் பிடித்துக்கொள்ள, மோட்டாரைக் கழற்றி, வளையத்தையும் மீறிச் சுற்றியிருந்த செடியை எடுத்து, திரும்பப் பூட்டினேன். கமருன்னிசாவுக்குப் பத்து நிமிடம். எனக்கு ஐம்பது. நடை ஒன்றும் தவறவில்லை.

இந்தச் சனிக்கிழமையும் எட்டு மணிக்குக் கரையில் இருப்பேன். கமருன்னிசாவைப் புகழ விரும்புகிறவர்கள் வரலாம். ஈரத்துணி கொண்டுவாருங்கள்.