நீலக் கரடி பிடித்த இடம்

எனக்கென்று ஒரு திறமை உண்டென்றால் அது சீட் பிடிப்பதுதான். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறவன் நான். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை வீசினால் நினைத்த சீட்டில் போய் விழும். பஸ்ஸிலும் அப்படியே. துண்டு, டிபன் பை, ஒருமுறை இடது கால் செருப்பு என்று எல்லாவற்றையும் போட்டிருக்கிறேன். எதைப் போட்டாலும் போட்டவனுக்குத்தான் அந்த இடம். எங்கள் பக்கத்தில் அதை யாரும் மீற மாட்டார்கள். இந்தத் திறமைதான் ஒரு கிருத்திகை நாளில் என்னை மாநிலம் தாண்டி ஓட வைத்தது.

என் அக்காவைப் பள்ளிப்பட்டில் கொடுத்திருக்கிறோம். பாவா, அதாவது அக்கா புருஷன், அங்கே இரண்டு பவர்லூம் ஓட்டுகிறார். அவர்களுக்கு ஒரே பெண். அந்தப் பெண்ணுக்கு நான்கு கரடி பொம்மைகள். பெரிசு என்பது பழுப்பு நிறம்; ஒருமுறை வயிறு கிழிந்துபோக, பாவா தறியில் விழும் கழிவு நூலையெல்லாம் திணித்துத் தைத்துவிட்டார், அன்றிலிருந்து அரிசிப் பை கனம் கனக்கிறது. வெள்ளை என்பது வாங்கியபோது வெள்ளையாக இருந்தது. பொடிசு ஒரு கைப்பிடி அளவுதான். நான்காவது நீலம். அதற்கு ஒரு கண் விழுந்துவிட்டதால் அக்கா என் பழைய சட்டையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்துத் தைத்திருந்தாள். பெரிசும் வெள்ளையும் புருஷன் பெண்டாட்டி, பொடிசு அவர்கள் பிள்ளை, நீலம் பொடிசுக்குத் தாய்மாமன். உறவுமுறையெல்லாம் என் அக்கா மகள் வைத்தது. அதில் யாரும் வாய் திறக்க முடியாது.

நிஜத் தாய்மாமனான எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. காரணம் நான்தான். அவளுக்கு மூன்று வயதானபோது திருத்தணி மலையில் மொட்டையும் காதுகுத்தும் வைத்தார்கள். மொட்டை தூக்கத்திலேயே முடிந்தது. காது குத்த என் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததுமே அவள் துள்ள ஆரம்பித்தாள். நான் என்ன செய்தேன்? பெரிய வீரனாட்டம் அவள் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்து, கால் மேல் கால் போட்டு அமுக்கினேன். அவள் என் கட்டை விரலைக் கடித்துவிட்டு நழுவி ஓடினாள். ஓடின பிள்ளையைப் பிடித்து வந்து குத்த வேண்டாம், இனி ஐந்தாவது வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். குழந்தைதானே, நாலு நாளில் மறந்துவிடும் என்றார்கள் எல்லோரும். எங்கள் குடும்பத்தில் பிறந்தது எதை மறந்திருக்கிறது? நான் போனால் உள்ளே போய்விடுவாள். மிட்டாய் நீட்டினால் வாங்காமல் சுவரைப் பார்ப்பாள். இரண்டு வருடம் இப்படியே போனது. வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு ரொம்பவும் வலித்தது.

போன மே மாத லீவில் அக்கா அவளையும் கரடிகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்குப் பத்து நாள் தங்க வந்தாள். அப்போதுதான் ஒரு வழி திறந்தது. அவள் என்னிடம் பேசவில்லை, ஆனால் கரடிகளைப் பேச வைத்தாள்.

"பெரிசு, அவருகிட்ட தண்ணி கேளு."

நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பெரிசுக்கு முன்னால் வைத்து, "சார், இன்னா வோணும் இன்னும்?" என்றேன். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்கு அன்று வேலைக்கே போக மனமில்லை.

பிறகு வீடு வீடாக இல்லை. வெள்ளைக் கரடி அரிசி டிரம்முக்குள் ஒளிந்து, அக்கா மூடியைத் திறந்ததும் அலற வைத்தது. குளித்துவிட்டு வந்த நால்வரையும் காதில் கிளிப் போட்டுக் கொடியில் காயப் போட்டால், மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று பெரிசைத் தூக்கப் பார்த்து, கனம் தாங்காமல் தொப்பென்று கீழே போட்டுவிட்டு ஓடியது. "பெரிசு குரங்க தொரத்திட்ச்சி!" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரையும் ரயிலில் சென்னைக்குக் கூட்டிப்போனேன். கைக்குட்டை வீசி ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தேன். மணவூரில் வண்டி நின்றபோது ஒவ்வொரு கரடியையும் ஜன்னலில் தூக்கிக் காட்டி, பிளாட்ஃபாரத்தில் நின்றவர்களுக்கெல்லாம் டாட்டா காட்ட வைத்தாள். கடற்கரையில் நீலத்தின் கால் அலையில் நனைந்தது. அதற்குச் சளி பிடிக்குமாம். அந்தப் பெரிய வெயிலில் என் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டு, பனியனோடு ஊர் திரும்பினேன். யார் பார்த்தால் என்ன?

லீவு முடியும்போது அக்கா பேச்சை எடுத்தாள். ஆனி கிருத்திகையன்று அதே மலையில் காது குத்திவிட வேண்டும், ஐந்து முடிவதற்குள். அவளோ நீலத்தின் வாய் வழியாக நிபந்தனை போட்டாள். முதலில் பொடிசுக்குக் குத்த வேண்டும். நீலம் மாமா மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பொடிசு அழவில்லை என்றால் அப்புறம் பார்க்கலாம்.

"அப்புறம் யார் மடியில ஒக்காருவ?" என்றாள் அக்கா.

அவள் சுவரைப் பார்த்தாள்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "த பாருடா, அவ ஒன் மடிக்கு வரலன்னா பெரியப்பா மவன ஒக்கார வெச்சிடுவேன். அவரும் அவளுக்கு மாமன்தான். எனக்கு காரியம் ஆவணும்."

பெரியப்பா மகன் நல்ல மனிதர்தான். ஆனால் அன்று அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த இடம் என்னுடையது. யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கிருத்திகைக்கு முதல் நாளே பள்ளிப்பட்டு போய்விட்டேன். விடிந்ததும் வேன் வந்தது. சொந்தக்காரர்கள், சமையல் பாத்திரம், பூக்கூடை, சீர்த்தட்டு என்று வேன் வழிந்தது. கரடிகளுக்கு இடமில்லை. "நீ பஸ்ல இட்டுகினு வா" என்று அக்கா என்னைக் கரடிகளோடு இறக்கிவிட்டாள். என் அக்கா மகள் வேன் படியில் நின்று, நால்வரையும் ஒவ்வொருவராக எண்ணி என் கையில் கொடுத்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, கரடியை நடுவில் வைக்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"பத்ரமா இட்டுகினு வரணும். நீலத்த தலகீழா வெக்காத. வாந்தி எடுக்கும்."

"ஆங், சரி" என்றேன். நீலத்தை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று பேரைத் தோள்பையில் தலை வெளியே தெரிய உட்கார வைத்து, நீலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு திருத்தணி பஸ் நிலையத்தில் இறங்கினேன். மணி எட்டரை. ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். தாராளமாகப் போய்விடலாம். ஆனால் கிருத்திகைக் கூட்டம்! காவடிகளும் மொட்டைகளுமாக நிற்க இடமில்லை. மலைக்குப் போகும் பஸ் உள்ளே நுழைந்ததும் மொத்தக் கூட்டமும் அதன்மேல் பாய்ந்தது. என் உடம்பில் ஊறிய புத்தி சும்மா இருக்குமா? ஓடினேன், எம்பினேன், கையில் இருந்ததை ஜன்னலுக்குள் வீசினேன். மூன்றாவது ஜன்னல். குறி தப்பவே இல்லை. கையில் இருந்தது கைக்குட்டை இல்லை என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

இடித்துப் பிடித்து வாசல் வழியாக ஏறி மூன்றாவது சீட்டுக்குப் போனால், அங்கே ஓர் அம்மா பூஜைக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். நீலத்தைக் காணோம். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தேன். நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்தில் ஒட்டி நின்றிருந்த திருப்பதி பஸ் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதன் ஜன்னல் சீட்டில், சாய்ந்து உட்கார்ந்த வாக்கில், என் சட்டைப் பொத்தான் கண்ணோடு நீலம் போய்க்கொண்டிருந்தது. நெரிசலில் நான் எந்த பஸ்ஸுக்குள் வீசினேன் என்றுகூடப் பார்க்கவில்லை.

கத்திக்கொண்டே இறங்கி ஓடினேன். பஸ் கிளம்பிவிட்டது. கண்ணில் பட்ட முதல் ஆட்டோவில் விழுந்தேன்.

"திருப்பதி பஸ்ஸ புடிக்கணும்ணா! சீக்கிரம்!"

"சாமான் வுட்டியா?"

"மாமன வுட்டுட்டேன்!"

விஷயத்தைச் சொன்னதும் டிரைவர் சிரித்தார். ஆனால் சிரித்தபடியே பறந்தார். பஸ்ஸின் பின்பக்கம் தெரியும், லாரி குறுக்கே வரும், மறையும், மறுபடி தெரியும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டி, "நிறுத்து! நிறுத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பையிலிருந்து மூன்று தலைகளும் என்னோடு சேர்ந்து எட்டிப் பார்த்தன. ஆந்திர எல்லை வந்ததும் ஆட்டோ நின்றுவிட்டது.

"அந்தாண்ட போக எனக்கு பர்மிட் இல்ல நைனா. நான் இங்கயே கீறேன். நீ இவரோட போய்ட்டு வா." பைக்கில் நகரிக்குப் பால் கேன் கொண்டுபோகிற ஒருவரை அவரே கைகாட்டி நிறுத்தி, என்னைப் பின்னால் ஏற்றிவிட்டார். இரண்டு பக்கமும் கேன் இடிக்க, காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேற்று மாநிலத்துக்குள் போனேன். போன் சட்டைப்பையில் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஒரு கை இல்லை. எடுத்தாலும் சொல்ல ஒரு பதில் இல்லை.

நகரி பஸ் நிலையத்தில் அந்த பஸ் நின்றிருந்தது! படியில் தொங்கியவர்களை விலக்கிக்கொண்டு ஏறினேன். ஏறிப் பார்த்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் நிற்கிறார்கள், பெரியவர்கள் கம்பியில் தொங்குகிறார்கள். மூன்றாவது ஜன்னல் சீட்டில் நீலம் மட்டும் தன்னந்தனியாக, காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"எவரிதி ஈ சீட்டு?" என்று கண்டக்டர் சலிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். இது யார் சீட்டு என்று திருத்தணியிலிருந்தே கேட்டுக்கொண்டு வருகிறார் போலிருக்கிறது.

பக்கத்தில் நின்ற பெரியவர் என்னைப் பார்த்தார். "ஒன்னுதா? யாரோ போட்டு வெச்சிகீறாங்க, வருவாங்கன்னு பாத்துகினே வர்றோம். ஒக்காருப்பா."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "இல்லீங்க, நான் போகல. நீங்க ஒக்காருங்க" என்று நீலத்தைத் தூக்கினேன். நான் நிமிர்வதற்குள் அந்த இடத்தில் ஒரு பெண்மணி பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டார். பெரியவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

பால் கேன் இறக்கிவிட்டுத் திரும்பிய அதே பைக்கில் எல்லைக்கு, அங்கிருந்து அதே ஆட்டோவில் திருத்தணிக்கு. மலைப் பாதையில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மணி பத்து இருபது. இறங்கி, கடைசி வளைவை ஓடியே கடந்தேன். நுரையீரல் வாய்க்கு வந்துவிட்டது.

மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அக்காவின் முகம் சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொம்மை மாமனைத் தேடி ஓடினேனே, காது குத்த மடி கொடுக்க வேண்டிய மாமன் நான்தானே! எனக்காகத்தான் ஒன்றரை மணி நேரமாக எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள். இனியும் பொறுக்க முடியாதென்று பெரியப்பா மகன் வேட்டியை மடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டார். என் அக்கா மகள் தூணைக் கட்டிக்கொண்டு, வர மாட்டேன் என்று நின்றிருந்தாள்.

"எங்கடா போன?" என்றாள் அக்கா.

"நகரிக்கு."

மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். மண்டபமே சிரித்தது. ஆசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவா, "சாமி கும்புட திருத்தணிக்கு வந்தா, இவன் மாமன திருப்பதிக்கு அனுப்பிகினு கீறான்" என்றார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நீலத்தை வாங்கி, கண் இருக்கிறதா, கால் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"சீட்ல வேற யாருமே ஒக்காரலயா?" என்று நேராக என்னைக் கேட்டாள்.

"யாரும் ஒக்காரல. ஒண்ணப் போட்டு வெச்சிட்டா அந்த எடம் போட்டவங்களுதுதான்."

பொடிசை நீலத்தின் மடியில் வைத்தாள். ஆசாரி முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் அதன் காதுகளில் ஊசியைத் தொட்டு எடுத்தார். பொடிசு அழவில்லை. நேரம் ஆகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். பெரியப்பா மகன் எழுந்து, "நீயே ஒக்காருப்பா" என்று விலகிக்கொண்டார். நான் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தமுறை பிடிக்கக் கூடாது என்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவள் வரவில்லை. தூணுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. சரி, அவ்வளவுதான் என்று எழுந்திருக்கப் போனேன்.

அப்போது நின்ற இடத்திலிருந்தே அவள் நீலத்தை ஓங்கி வீசினாள். அது நேராக என் மடியில் வந்து விழுந்தது.

"அது என் எடம்" என்றாள்.

பிறகு நடந்து வந்து, நீலத்தைத் தூக்கி அணைத்துக்கொண்டு, அது இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.