தெரிந்தே தேடிய பொத்தான்

கூடத்திலிருந்து 'டிங்' என்று கணினியின் மணிச்சத்தம் கேட்டது. சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த தினேஸ்வரி டீச்சரின் கை ஒரு கணம் நின்றது. தர்மினி எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டாள். இது அவள் வரும் மூன்றாவது சனிக்கிழமை.

டீச்சர் மலேசியாவின் தெலுக் இந்தான் ஊர்ப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவர். திருமணம் கூடிவரவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஈப்போ நகருக்கு அருகிலுள்ள லகாட்டுக்கு மாற்றலாகி வந்தார். பள்ளியில் பிள்ளைகளின் இரைச்சல். வாடகை வீட்டில் தம் செருப்புச் சத்தம் மட்டும். வெள்ளிக்கிழமை மதியம் மூடிய வாயைத் திங்கட்கிழமை காலையில்தான் திறப்பார்.

அந்த வீட்டுக்குத்தான் ஈப்போவிலிருந்து தர்மினி வந்தாள். மின்சுற்றைத் திரையில் இயக்கிக் காட்டும் பாட மென்பொருள் ஒன்றை அவளுடைய நிறுவனம் செய்திருந்தது. ஆசிரியர்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அவள் வேலை. அவள் உதவக் கூடாது. டீச்சர் மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வாள்.

மனதில் இருப்பதைச் சொல் என்று அவரிடம் யாராவது கேட்டு எத்தனை வருடங்களாகிவிட்டன!

'தொடங்கு' பொத்தானை டீச்சர் முதல் நாளே கண்டுவிட்டார். ஆனால் அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைத் திருத்திக்கொண்டு மறுபடி வருவதாகத் தர்மினி சொல்லியிருந்தாள். அதனால் காணாததுபோல் தேடினார். மறுவாரமும் தேடினார்.

இன்று தேநீரோடு வந்து உட்கார்ந்தவர் திரையைப் பார்த்துத் திகைத்தார். பொத்தான் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக மின்னியது. மின்சுற்றில் பாதி அதன் அடியில் மறைந்திருந்தது.

"இருபது வருஷ அறிவியல் டீச்சருக்கே தெரியலன்னா பெருசாக்குன்னு பாஸ் சொல்லிட்டாரு. திங்கக்கிழமை எல்லா ஸ்கூலுக்கும் போகுது லா," என்றாள் தர்மினி பெருமையாக.

உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் இனி வரமாட்டாள். சொல்லாவிட்டால் மின்னோட்டம் எந்த வழியாகப் போகிறதென்று எந்த வகுப்புப் பிள்ளைக்கும் தெரியப்போவதில்லை.

"மொத நாளே எனக்குத் தெரியும்மா. நீ திரும்ப வரணும்னுதான் தேடுற மாதிரி இருந்தேன். நான் சொன்னத அடிச்சிரு."

தர்மினியின் பேனா நின்றது. அவள் கோபப்படவில்லை; அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை. இரண்டு வாரத்துக் குறிப்புகளின்மேல் மெல்லக் கோடு இழுத்தாள். பொத்தானைப் பழைய அளவிலேயே வைக்கும்படி பாஸிடம் சொல்வதாகச் சொன்னாள்.

"சொல்லியிருந்தா சும்மாவே வந்திருப்பேனே, டீச்சர்."

இனி வருவாயா என்று கேட்க வந்த டீச்சர், தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். அடுத்த வாரத்திலிருந்து தனக்கு லூமுட் பக்கம் வேலை என்றாள் தர்மினி. தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கணினியைப் பையில் வைத்தாள். வாசலில் குனிந்து காலணியை மாட்டினாள்.

"வாரேன், டீச்சர்."

டீச்சர் தலையசைத்தார். கார் முனை திரும்பும்வரை நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.