நான் வந்தால் மட்டும் ஓடிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் சர்வீசில் எனக்குப் பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டு: "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு." நேற்று வரைக்கும் நன்றாக இருந்ததால்தானே இன்று என்னைக் கூப்பிடுகிறாய்? இதைப் பல கஸ்டமர்களிடம் நேராகவே கேட்டிருக்கிறேன். எங்கள் ஓனருக்கு அதில் என்மேல் வருத்தம்.

விண்டோஸ் 98 காலம். செங்கல்பட்டில் எங்கள் கடை. ஒரு காலையில் புதுப்பட்டினத்திலிருந்து பரீதா அக்கா போன் செய்தார். அங்கே கடைத்தெருவில் டிடிபி வைத்து, கல்யாணப் பத்திரிகை, காலேஜ் பிராஜக்ட் எல்லாம் அடித்துக் கொடுப்பவர்.

"தம்பி, ஆன் பண்ணா நீலக் கலர்ல வந்து டிஸ்க்க செக் பண்ணுது. பாதி தாண்டறதுக்குள்ள அணைஞ்சிட்டு மறுபடி மொதல்லேர்ந்து வருது. காலைலேர்ந்து இதே வேலையாத்தான் கீது. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு."

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஷட்டவுன் செய்யாமல் அணைந்துபோனால், அடுத்த முறை ஆன் செய்யும்போது டிஸ்க்கைச் சோதிக்கிற ஸ்கேன்டிஸ்க் ஓடும். அது முடிவதற்குள் மெஷின் ரீபூட் ஆனால் அதுவும் ஒழுங்காக அணையாத கணக்குதான். மறுபடி ஸ்கேன்டிஸ்க். செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

திருக்கழுக்குன்றம் வழியாக பைக்கில் போனேன். மேசையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. சிபியு பளபளவென்று இருந்தது. எனக்கு டீயும் தயார். ஆன் செய்தேன். ஸ்கேன்டிஸ்க் ஓடி முடிந்தது, விண்டோஸ் திறந்தது. நான் ரேமைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டி, கேபிள்களை அழுத்திவிட்டுக் கிளம்பினேன். நான் செங்கல்பட்டு போய்ச் சேருவதற்குள் கடைக்குப் போன் வந்துவிட்டது. பழையபடி ரீபூட்.

இரண்டாம் முறை, உள்ளே கரன்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றினேன். நான் உட்கார்ந்திருந்தவரை சமர்த்தாக ஓடியது. அக்காவின் கணவர் ஜமால் பாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னக் கண்டா அதுக்குப் பயம் தம்பி. உன் போட்டோ ஒண்ணு குடு. எதிர்ல மாட்டி வெச்சிடறேன்."

"நான் ரிப்பேர் பாக்க வந்தேன் பாய்."

"அதத்தான் ரெண்டு வாட்டி பாத்துட்டியே. நாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் இத்த வித்துட்டு மாவு மிஷினு போட்டுருவேன். அது டிஸ்க்கு கிஸ்க்கு எதையும் செக் பண்ணாது. சுவிட்சப் போட்டா அரைக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மாவு மிஷின் விற்கிற ஆளைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தார். இந்த டிடிபி கடை அக்கா பிடிவாதம் பிடித்து வைத்தது. அவர் தலைநிமிராமல் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார்.

நான் கிளம்பியதும் மறுபடி ரீபூட், மறுபடி போன். ஓனர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டார். "மாத்திட்டு வாய்யா. இன்னா யோசன?" யோசனை இதுதான்: புது டிஸ்க் என்று வாயைத் திறந்தால் பாய் அந்த நிமிஷமே மாவு மிஷினைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

சனிக்கிழமை, புதுப்பட்டினம் போகிற வழியில் இருக்கிற அணுபுரம் குவார்ட்டர்ஸ் ஒன்றில் யுபிஎஸ் வேலை. சீக்கிரம் முடிந்தது. அப்படியே, போன் செய்யாமல் புதுப்பட்டினம் போனேன்.

சிபியு உடுத்திக்கொண்டு நின்றது. பஞ்சு வைத்துத் தைத்த கனமான உறை, மேலெல்லாம் ரோஜாப்பூ, கீழே சுருக்கம் வைத்த ஓரம். முன்பக்கத்தை மட்டும் சுருட்டி நாடாவால் கட்டியிருந்தது. பின்பக்கம் முழுக்க மூடல். மானிட்டரில் ஸ்கேன்டிஸ்க் பாதி வந்தது, அணைந்தது, மறுபடி தொடங்கியது. உறைக்குள் கையை விட்டேன். தோசைக்கல் மாதிரி இருந்தது.

"அக்கா, இன்னா இது?"

"உறை தம்பி. கடல் காத்து உப்பு, தொறந்து வெச்சா துருப்புடிச்சிடும், மூடியே வையுங்கன்னு உங்க ஓனர்தானே சொன்னாரு. பழைய பிளாஸ்டிக் உறை கிழிஞ்சிடுச்சு. போன வாரம் நானே தெச்சேன்."

"நான் ரெண்டு வாட்டி வந்தேனே. அப்ப இது எங்க போச்சு?"

"நீங்க வர்றேன்னு போன் பண்ணீங்க இல்ல? கழட்டி, துடைச்சு வெச்சேன். வூட்டுக்கு ஆளு வந்தா புது பெட்ஷீட் விரிக்க மாட்டோமா?"

பின்னால் ஃபேன் தள்ளும் சூட்டுக்காற்று வெளியே போக வழியில்லை. உள்ளேயே சுற்றி, ப்ராசஸர் கொதித்து, மெஷின் ரீபூட் ஆகிறது. நான் வரும்போது உறையைக் கழற்றிவிடுவதால் ஆறிப்போய் ஓடுகிறது. இதற்காக நான் ரேமை ரப்பர் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். நான் முடித்ததும் அக்கா கத்தரிக்கோலை எடுத்து, உறையின் முதுகை முழுசாக வெட்டி எடுத்தார்.

"வெட்டினாலும் ஓடறப்ப போடாதீங்க. ஆஃப் பண்ணி ஆறினப்புறம் போடுங்க," என்றேன்.

மெஷின் ஆறியதும் ஆன் செய்தோம். அதற்குள் ஜமால் பாய் வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"நீ வெளிய போ தம்பி. நீ இங்க இருந்தா அது ஓடத்தான் செய்யும்."

எதிர் டீக்கடைக்குத் துரத்தப்பட்டேன். சர்வீஸ் செய்தவனை வெளியே அனுப்பிவிட்டு டெஸ்ட் செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. குடிக்கத் தோன்றவில்லை. வெகுநேரம் கழித்து, ரோட்டைத் தாண்டி டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரின் கர்ர் சத்தம் கேட்டது. அதன் பிறகும் நிற்காமல் கேட்டது.

பாய் வாசலுக்கு வந்தார். "டீக்காரரே, அவருக்கு இன்னொரு டீ குடு."

"மாவு மிஷினு?" என்று கேட்டேன்.

"பக்கத்துல போடலாமான்னு பாக்கறேன்."

"போட்டா நான் வர மாட்டேன் பாய். மாவெல்லாம் உள்ள போவும்."

ஓனரிடம் வந்து சொன்னேன். "மூடி வைன்னு சொன்னா இழுத்துப் போத்துவாங்களா?" என்றார். அடுத்த கஸ்டமருக்கும் அதே அறிவுரையைத்தான் கொடுத்தார்.

அன்றிலிருந்து கம்ப்ளெயின்ட் வந்தால் எப்போது வருவேன் என்று சொல்வதில்லை. மெஷினை அது வழக்கமாக இருக்கிற கோலத்தில் பார்த்தால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. போகிற இடமெல்லாம் திட்டுதான்.

"சொல்லிட்டு வந்தா துடைச்சு வெச்சிருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லல."