ஷா ஆலமில் ராகு காலம்

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஷா ஆலம் மைதானத்தில் இருந்தவர்கள்: எங்கள் கார் கிளப்பின் தலைவர் தேவா அண்ணே, இடம் பிடிக்க மத்தியானமே வந்தவர். ஹமீட், இரண்டு பிள்ளைகளோடும் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களோடும். ஜோசப், சர்ச் சட்டையைக்கூட மாற்றாமல். குமார், எதையும் நம்பாதவன். போட்டி நடத்துகிறவர்களின் ஆள் ஆ லியோங், கையில் படிவம். பிறகு நான். எனக்குக் கார் கிடையாது. ஊரிலிருந்து இந்த மலாய் நாட்டுக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் டயர் மாற்றுகிறேன். ஹமீட் காரில் ஏறி வந்தேன்.

மறுநாள் விடுமுறை, டிரிஃப்ட் போட்டி. பின்சக்கரத்தை வழுக்கவிட்டுக் காரைப் பக்கவாட்டில் ஓட்டினால் பரிசு. எங்கள் ஊரில் பஸ்ஸை அப்படி ஓட்டினால் வேலை போய்விடும். தேவா அண்ணே இரண்டு வருடமாக இதற்கு இடம் கேட்டு இப்போதுதான் கிடைத்திருந்தது. ஒரு நிபந்தனை. முதல் நாள் மாலை கிளப்பின் எட்டுக் காரும் வந்து நிற்க வேண்டும். குறைந்தால் இடம் ஜொகூர்காரர்களின் கிளப்புக்கு.

எல்லோரும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் என்பதால் சொல்லி அனுப்பும் வேலை எனக்கு. போனில் ஆறு மணி என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாலரையிலேர்ந்து ஆறு ராகு காலம், முன்னாடியே கெளம்பிடுங்க" என்றும் சொன்னேன். அதுவரை அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நான் சொன்னது மனைவி ஊரிலிருந்து அனுப்பிய காலண்டர் கணக்கு.

இங்கே காலை ஏழு மணிக்கும் இருட்டு. வந்து நாலு வருடமாகியும் எனக்குப் பழகவில்லை. விடிவது பிந்தினால் ராகுவும் பிந்துவான் அல்லவா? பிரிக்பீல்ட்ஸ் வீடுகளில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஐந்தே முக்கால் முதல் ஏழே கால். சிலர் என் கணக்கு, சிலர் இந்த ஊர்க் கணக்கு. எதற்கு வம்பு என்று வர வேண்டிய மீதி நாலு பேரும் இரண்டையும் ஒப்புக்கொண்டார்கள். ஐந்து மணி வரை வேலை செய்கிறவர்கள் அவர்கள். நாலரையிலிருந்து ஏழே கால் வரை நகர வழியில்லை.

"மீதி நாலு காரும் கழுவி மாலை போட்டு ரோட்டோரமா நிக்குது லா. ராகு போய் ஏழே காலுக்கு மேலதான் சாவியத் திருப்புவானுங்களாம்," என்றான் ஜோசப்.

தேவா அண்ணே என்னைப் பார்த்தார். "ஏன்டா, டயர் மட்டும் மாத்த வேண்டியதுதானே நீ?"



ஆ லியோங் மலாயில் கேட்டார். "ராகு யாரு? மெம்பரா? எப்ப வருவான்?"

"மெம்பர் இல்ல பாஸ். பாம்பு. சூரியனை முழுங்கும்," என்றான் குமார்.

"கார் வச்சிருக்கானா?"

"இல்ல."

"அப்ப அவன் கணக்குல வரமாட்டான்."

பேனாவைத் திறந்தார். நிற்கும் கார்களை எண்ணினார். நாலு. எழுதப் போனவர் பேனாவை மூடிவிட்டார். சீனர்களுக்கு நாலு சாவு எண். "நாளைக்குப் பசங்க ஓட்டணும். நாலுன்னு என் கையால எழுத மாட்டேன். ஒரு கார் வரட்டும், இல்ல ஒரு கார் போகட்டும்."

"நான் வேணா போய்ட்டு வரவா?" என்றார் ஹமீட்.

"ஒருத்தனும் அசையக் கூடாது! நாலா நிக்கிற வரைக்கும் எழுத மாட்டாரு!" தேவா அண்ணே போய் ஹமீட் காரின் முன்னால் நின்றுகொண்டார்.

நின்றோம். நாசி லெமாக் தீர்ந்தது. ஆ லியோங் இரண்டு பொட்டலம் சாப்பிட்டார். சாவு எண்ணும் பாம்பும் ஒரே மைதானத்தில் காவல் இருந்தன. ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஏழே முக்காலுக்கு மேல் நெடுஞ்சாலைப் பக்கம் விளக்குகள் தெரிந்தன. மாலை போட்ட கார்கள், வரிசையாக. தேவா அண்ணே முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றார்.

இங்கே ராகு போய்விட்டான். ஊரில் அப்போது ஐந்தே கால், நடு ராகு காலம். என் மனைவி அந்த நேரத்தில் கடிதத்தைக்கூடத் தபால் பெட்டியில் போட மாட்டாள். நல்ல நேரம் என்று கை தட்டுவதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

ஆ லியோங் ஒவ்வொரு பானெட்டாகத் தட்டிக்கொண்டே போய் எழுதினார்.

எட்டு.