ரோஜா சைக்கிள் அட்டை

பழைய காதலர் தின வாழ்த்து அட்டைகளைச் சேர்ப்பவன் நான். கடலூர் முதுநகரில் ஒரு பழைய பேப்பர் கடையில், கூடை நிறைய ரோஜாவோடு சைக்கிள் வரைந்த அட்டை கிடைத்தது. உள்ளே எழுதியிருந்த இரண்டு பெயர்களும் தெரியப் படமெடுத்து இணையத்தில் போட்டேன்.

மறுவாரம் சிதம்பரத்திலிருந்து ஒரு பெண்மணி அழைத்தார்.

"அது நான் காலேஜ்ல ஒருத்தருக்கு எழுதுனது சார். எங்க வீட்டுக்காரரு பாத்துட்டாரு. எடுத்துடுங்க" என்று அழுதார்.

உடனே நீக்கினேன். அட்டையை அவரிடமே கொடுத்துவிட சிதம்பரம் போனேன். பஸ் ஸ்டாண்டில் வாங்கியவர், கிழிக்கப் போய் நின்றுவிட்டார்.

"நான் குடுத்தத இத்தினி வருஷமா வச்சிருந்தாரா? இப்ப ஏன் பேப்பர் கடைக்கு வந்துச்சி? அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா சார்?"

படத்தின் அழகில் மயங்கிய நான், அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்கவே இல்லை.

அட்டையை என் கையிலேயே வைத்துவிட்டு அவர் போனார். பெயர் எழுதிய எந்த அட்டையையும் அதன்பிறகு நான் யாருக்கும் காட்டியதில்லை.