கயிற்றுக்கு வெளியே வந்த ஈட்டி

எண்பத்தெட்டா, எண்பத்தொன்பதா, சரியாக நினைவில்லை. தாம்பரத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் மாநிலத் தடகளப் போட்டி. பெண்கள் ஈட்டி எறிதலின் இறுதிச் சுற்று. என் மகளும் இருந்தாள். முதலிடம் வருபவர் மட்டும்தான் தேசியப் போட்டிக்குப் போக முடியும்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பெருங்களத்தூரில் செங்கல் சுமந்து ஆரம்பித்து, அப்போது சொந்தமாக மூன்று லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். யார் தயவும் இல்லாமல் மேலே வந்தவன் என்பதை இந்தத் தள்ளாத வயதிலும் சொல்லிக்கொள்வேன். மகள் பீர்க்கன்கரணை ஏரி வற்றிக்கிடக்கும் மாதங்களில் அங்கேதான் எறிந்து பழகுவாள். பள்ளிக்கூடத்து ஈட்டி லேசாக வளைந்திருந்தது. வடக்கே போகும் லாரிக்காரர்களிடம் சொல்லிவைத்து, நீல நிறத்தில் அசல் ஈட்டி ஒன்றை வரவழைத்தேன். இந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது.

ஆளுக்கு ஆறு முறை எறிய வேண்டும். ஐந்து முறை முடிந்தபோது என் மகள்தான் முன்னால். ஆறாவதுக்கு வந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வரிசையாக வைத்திருந்த ஈட்டிகளில் எங்கள் நீல ஈட்டியை எடுத்து எறிந்தாள். அது என் மகளின் தூரத்தைத் தாண்டி விழுந்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. பார்வையாளர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடி, ஈட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே வந்துவிட்டேன்.

"இன்னாயா அநியாயம்? எம் பொண்ணுக்கு நான் வாங்கினது. அவ எப்டி தொடலாம்?"

"இன்னா நைனா, லாரில ஏத்தினு போப்போறியா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

நடுவர் பொறுமையாகத்தான் பேசினார். "சார், காலையில அளந்து உள்ள வாங்கிட்டா எல்லா ஈட்டியும் எல்லாருக்கும் பொது. உங்க பொண்ணுதான் குடுத்தாங்க."

மகளைப் பார்த்தேன். "ஆமாம்பா. மானத்த வாங்காத," என்றாள்.

அடுத்தது அவளுடைய கடைசி முறை. "இந்தா, இதுல எறிம்மா" என்று ஈட்டியை நீட்டினேன். நடுவர் தடுத்துவிட்டார். வெளியே போன ஈட்டியை மறுபடி சோதிக்காமல் உள்ளே விட முடியாதாம். அதற்கு நேரமும் இல்லையாம். அவள் வேறு ஒரு ஈட்டியை எடுத்தாள்.

ஒரு சாண் குறைந்துபோனது.

பிறகு ஜெயித்த பெண் என்னிடம் வந்தாள். "மாமா, கேக்காம எடுத்துட்டேன்னு கோவமா இருக்கீயளா?" என்றாள். என் மகள்தான் அவள் தோளைத் தட்டி, "நீ சூப்பரா எறிஞ்சப்பா," என்றாள்.

அந்த ஈட்டியில் எறிந்திருந்தால் ஜெயித்திருப்பாளா, தெரியாது. அவளும் இதுநாள் வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சம்பாதித்ததெல்லாம் பிள்ளைக்காகத்தான் என்று இன்னமும் ஊரெல்லாம் பேசுகிறேன். ஆனால் அவளுக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு நிமிஷத்தில் அந்த ஈட்டியை அவள் கைக்குக் கிடைக்காமல் செய்தவன் நானேதான் என்பது நினைவுக்கு வந்தால், பேச்சை நிறுத்திவிட்டு எங்கேயாவது உட்கார்ந்துவிடுகிறேன்.