மழை மூடாத குழி

செவிலிமேட்டிலிருந்து பேருந்து நிலையத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் என் மகனின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இது யாரு பாட்டு தெரியுமா பெரியவரே? நம்ம பிள்ளையார்பாளையத்து ஆளு. ஃபாரின்லாம் போயி வாசிச்சிக்கினு கீறாரு.”

“தெரியும்.”

“மேடையில பள்ளம் வெட்டச் சொல்லி, அதுல கால வுட்டுக்கினு உக்காந்தாதான் வாசிப்பாராம். கொஞ்சம் லூசுதான். ஆனா கெத்து.”

“ஆமாம்” என்றேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

பாட்டில் பல்லவி திரும்பி வந்தது. என் பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள்கூட வாய்க்குள் முணுமுணுத்தார்: ‘மழைன்னா இன்னா பண்ண முடியும்.’ இன்று எங்கள் ஊரில் இதைச் சொல்லாத வாய் இல்லை. பேருந்து தாமதமானால் நடத்துநர் இதைச் சொல்கிறார். வங்கியில் கணினி நின்றுபோனால் காசாளர் சொல்கிறார். வானம் வெறுமையாகக் காய்ந்துகொண்டிருக்கும் சித்திரையில்கூடச் சொல்கிறார்கள்.

பாடுபவன் என் மகன் என்று அந்த ஓட்டுநரிடம் நான் சொல்லவில்லை. பெருமை இல்லாமல் இல்லை; நெஞ்சு கொள்ளாத பெருமை. ஆனால் அந்தப் பாட்டு, எங்கள் வீட்டுத் தறிக்குழி ஒன்று மழையில் மூடிப்போனதைப் பற்றியது. அந்தக் குழியை மழை மூடவில்லை. நான் மூடினேன். மகனிடம் மழை என்று பொய் சொன்னேன். அவன் அதை நம்பிப் பாட்டாக்கினான். ஊரே அதைப் பாடுகிறது.

எங்களுடையது நெசவாளர் வீடு. முன்கூடத்தில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி இருந்தது. என் அப்பா அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, அடியிலிருக்கும் மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி மிதித்துப் பட்டு நெய்தார். நான் படித்தேன். அரசுக் கலைக் கல்லூரியில் கணித விரிவுரையாளர் ஆனேன். அப்பா போன பிறகு தறியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, குழியின் மேல் பலகை போட்டேன். அதற்குள் இனி எங்கள் வீட்டில் யாரும் இறங்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

என் மகன் இறங்கினான். கோயில் திருவிழாவில் மெல்லிசைக் குழு நடத்திய ஒருவரிடமிருந்து பழைய கிட்டார் ஒன்றை வாங்கி வந்தான். தெருமுனை ஜரிகைக்கடை பாய் தன் பழைய ரேடியோவைத் தந்தார்; அதில் ஒயரைச் செருகி ஒலி பெருக்கினான். பிறகு ஒரு நாள் பலகைகளை நகர்த்திவிட்டு, தாத்தா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு வாசித்துப் பார்த்தான். குழி அந்த ஒலியை வாங்கி, அடிவயிற்றிலிருந்து வருவதுபோலத் திருப்பித் தந்தது. தாத்தாவின் மிதிக்கட்டைகள் இரண்டும் அடியில் அப்படியே கிடந்தன. இடது கால் ஒன்று, வலது கால் ஒன்று. அவற்றை மிதித்துக்கொண்டேதான் வாசிப்பான். ஏன் என்று கேட்டதற்கு, “கை மறந்தாலும் கால் மறக்காதுப்பா” என்றான்.

எனக்குச் சங்கீதத்தில் வெறுப்பு இல்லை. சத்தம்கூட ஒரு காரணமில்லை. தெருவில் ஒருவர் சொன்ன வார்த்தைதான் என்னைத் தைத்தது.

“புரொபசர் வூட்ல மறுபடியும் தறி ஓடுதுபா. சேலைதான் ஒண்ணுகூட இறங்கல.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், மகனின் முதுகு மட்டும் தரைக்கு மேல் தெரிந்தது. என் அப்பாவின் முதுகேதான் அது. நான் ஏறி வந்த குழிக்குள் இவன் இறங்கிவிட்டான் என்று அன்று நினைத்தேன். படித்தவனின் பயம் என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். அன்று அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தேன்.

அவன் பொறியியல் படிக்கச் சென்னைக்குப் போய் விடுதியில் தங்கிய முதல் ஐப்பசியில், ஒரு டிராக்டர் கல்லும் மண்ணும் வரவழைத்தேன். என் மனைவி அந்த வாரம் வாலாஜாபாத்தில் அவள் தங்கை வீட்டில் இருந்தாள். மேஸ்திரி குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “கட்டை ரெண்டு கீதே சார், எடுத்து வெச்சிடட்டா?” என்று கேட்டார். “வேண்டாம், போடுங்கள்” என்றேன். சாயங்காலத்துக்குள் கூடம் சமமாகிவிட்டது. பிறகு அதன் மேல் டைல்ஸும் பதித்தேன்.

விடுதிக்குத் தொலைபேசியில் சொன்னேன். “மழைத் தண்ணி ஊறி, குழி சரிஞ்சிடுச்சுபா. மூட வேண்டியதாப் போச்சு.” மழைக்காலத்தில் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறுவது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நடப்பது. அதனால் அந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட வழியில்லை.

“மிதிக்கட்டை ரெண்டும்?” என்று மட்டும் கேட்டான்.

“அதுவும்தான்.”

பிறகு, “மழைன்னா இன்னா பண்ண முடியும்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

ஊர் திரும்பிய என் மனைவி டைல்ஸைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்; மகனிடம் மழை என்று சொன்னதைச் சொன்னேன். “இது உங்க வாயாலதான் அவனுக்குத் தெரியணும். நான் சொல்ல மாட்டேன்” என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். எனக்குத்தான் வாய் வரவில்லை.

அதன் பிறகு அவன் வாழ்க்கை போன திசை எந்தக் கணக்குக்கும் அடங்காதது. பொறியியலை முடிக்கும் முன்பே விட்டான். சினிமா இசைக்கூடம் ஒன்றில் நல்ல வேலை கிடைத்தது. அங்கே மாடித் தரையில் பள்ளம் வெட்ட அனுமதி கேட்டிருக்கிறான், வெளியே அனுப்பிவிட்டார்கள். பெங்களூரில் டாக்ஸி ஓட்டினான். வாலாஜாபாத்தில் ஒரு செல்போன் கடை வைத்து, வாடிக்கையாளர் காத்திருக்க உள்ளே கிட்டார் வாசித்தான், கடை போயிற்று. ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்கு அவன் போட்ட மெட்டைக் குழந்தைகள் எல்லாம் பாடின. அடுத்த விளம்பரத்துக்குக் கூப்பிட்டபோது, தனக்கு அந்த பிஸ்கட் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டான். பிறகு திருப்புட்குழியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆடு வளர்த்துக்கொண்டு பாட்டு எழுதினான். ஏன் அந்த ஊர் என்று பாய் கேட்டாராம்.

“பேர்லயாவது குழி இருக்குதே பாய்” என்றானாம்.

பாய் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்த வீட்டில்தான் மழைப்பாட்டை எழுதினான். செல்போன்களில் அது பரவியது. பெரிய பெரிய மேடைகளுக்குக் கூப்பிட்டார்கள். மேடை நடுவில் சதுரமாக ஒரு பள்ளம் விட வேண்டும் என்பது அவன் ஒரே நிபந்தனை. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் வெறுங்காலோடு உட்காருவான். கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்கள் உள்ளே இருக்கும். தாத்தாவின் மிதிக்கட்டைகள் இருந்த அதே இடைவெளியில், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. முதன்முறை அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது.

சென்ற ஆண்டு அவன் முதன்முறையாகச் சொந்த ஊரில் வாசிக்க ஒப்புக்கொண்டான். பாலாற்றங்கரைப் பக்கம் மைதானம். காலையிலேயே தச்சர்கள் மேடைப் பலகையை அறுத்துக்கொண்டிருந்தார்கள் என்று பாய் வந்து சொன்னார். மதியம் மகன் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சாப்பிட்டதும் எப்போதும்போல் முன்கூடத்தில் வெறுந்தரையில் படுத்தான், குழி இருந்த இடத்தில். எத்தனையோ வருடமாக அங்கேதான் படுக்கிறான்.

என் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். என்னையே பார்த்தாள், அவ்வளவுதான்.

“அந்தக் குழிய மழை மூடலப்பா” என்றேன். “நான்தான் மூடினேன். நீ விடுதில இருந்தப்போ.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். விரல் முட்டியால் டைல்ஸைத் தட்டிக் கேட்டான்.

“மண்ணா, கல்லா?”

“ரெண்டும். ஒரு டிராக்டர்.”

“கட்டைங்க?”

“எடுத்து வெச்சிடட்டான்னு மேஸ்திரி கேட்டாரு. நான்தான் போடச் சொன்னேன்.”

அந்த இடத்தில்தான் அவன் முகம் மாறியது. குழியை மூடியதற்கு அல்ல, கட்டைகளுக்கு. நான் காரணங்களைச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“அப்போ பாட்டு?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். போன் அடித்தாலும் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் மனைவியோடும் பாயோடும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மைதானம் நிரம்பி, சுவர் மேலும் ஆட்கள். இனி அந்தப் பாட்டை அவன் பாடுவானா என்பதுதான் என் கவலை. என் பொய்யோடு அந்தப் பாட்டும் செத்துவிட்டால், ஊர் அறியாமல் இரண்டாம் முறை ஒரு குழியை மூடியவன் ஆவேன்.

ஒவ்வொரு பாட்டாகப் பாடினான். அதை மட்டும் பாடவில்லை. கூட்டம் “மழை! மழை!” என்று கத்தியது. அவன் தண்ணீர் குடித்தான். இன்னொரு பாட்டுக்குப் போனான். சுவர் மேல் இருந்த ஒருவன், “அண்ணே, மழைப் பாட்டு பாடலன்னா கல்லு மழை வரும்ணே!” என்று கத்தினான். எல்லோரும் சிரிக்க, அவனும் சிரித்துவிட்டான். மைக்கை இழுத்துக்கொண்டான்.

“அந்தப் பாட்டுல ஒரு தப்பு இருக்குது. இன்னிக்கு மத்தியானம்தான் தெரிஞ்சிது. திருத்தலாம்னு ஆத்தங்கரையில உக்காந்து பாத்தேன். தாளத்துல உக்கார மாட்டேங்குது.”

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களுக்குப் புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவன் ஆரம்பித்துவிட்டான். பள்ளத்துக்குள் இரண்டு கால்களும் மாறி மாறி இறங்கின. பல்லவியை மைதானம் முழுவதும் பாடியது. ‘மழைன்னா இன்னா பண்ண முடியும்.’ இரண்டாம் முறையும் பாடியது. மூன்றாம் முறை வந்தபோது அவன் கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தினான். கிட்டாரையும் நிறுத்தினான். வலது காலை மட்டும் ஒரு மிதி தாமதமாக இறக்கி, அந்த இடைவெளியில் தனியாகப் பாடினான்.

“அப்பான்னா இன்னா பண்ண முடியும்.”

பிறகு மைதானம் வெடித்துச் சிரித்தது. அப்பா இல்லாதவர்கள் யார்? அடுத்த முறை எல்லோரும் அதையே பாடினார்கள், இளவட்டங்கள் பக்கத்திலிருந்த தகப்பன்மார்களைச் சுட்டிக்காட்டிப் பாடினார்கள். பாய் என் தோளில் தட்டினார்.

“இன்னா வாத்தியாரே, உம்ம வெச்சே பாட்டா? அப்படி இன்னாய்யா பண்ணீரு?”

“நிறைய பண்ணியிருக்கேன் பாய்.”

என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததா அழுததா, நான் பார்க்கவில்லை. நான் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மழை’யைவிட நீண்டு தாளத்தின் மாத்திரைக் கணக்கில் இடிக்கும் ‘அப்பா’ என்ற சொல்லை, ஒரு கால் மிதியைத் தள்ளிப்போட்டு உட்கார வைத்துவிட்டான். கணிதம் படித்த எனக்கு அந்தக் கணக்கின் அழகு தெரியும். அவன் யாரிடமும் கற்றதில்லை. அந்தக் குழியில் உட்கார்ந்து, கால் வழியாக வந்தது. நான் மூடியது எது என்று அன்று அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். அது தெரிந்த பிறகும் பெருமையாகவே இருந்தது. இதை நியாயம் என்று சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் காலை அவன் கிளம்பும்போது, காபித் தம்ளரோடு முன்கூடத்தில் நின்றோம்.

“மேஸ்திரிய வரச் சொல்லட்டாப்பா? டைல்ஸ உடைச்சி, மறுபடி தோண்டிடலாம். கட்டைங்க இருக்காது, கரையான் தின்னுருக்கும். புதுசா செஞ்சிக்கலாம்” என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். வாசலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தான். மேகம் ஒன்றுமே இல்லை.

“வேணாம்ப்பா” என்றான். “மழை வந்தா தண்ணி ஊறும்.”

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிக்கலாமா என்று தெரியாமல் நான் நின்றேன். அடுக்களையிலிருந்து என் மனைவிதான் முதலில் சிரித்தாள்.